பத்து வீட்டுச் சாமான்

திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. ஈப்போவில் இருக்கும் அறக்கட்டளையிலிருந்து பேசினார்கள். காளியம்மாவின் விண்ணப்பம் கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை மத்தியானம் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்றார்கள். போனை எடுத்தவர் அவள் புருஷன் ஐயாவு. "சரிங்க, வாங்க" என்று சொல்லிவிட்டு அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. மனுஷன் செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டு மாரியம்மாவிடம் ஓடினார்.

காளியம்மா அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. பத்து காஜா ஊரிலிருந்து பூசிங் போகிற சாலையில், ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் நாலு ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தில் பட்டை சீவிப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டுகளெல்லாம் எண்ணெய்ப் பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் இந்த மாதிரித் துண்டு துக்காணித் தோட்டங்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. அவற்றுக்கு வெட்டத் தெரிந்த கை வேண்டும். காளியம்மாவின் கை சுத்தமான கை. பட்டைக்குக் காயம் படாமல், மெல்லிசாகச் சீவிக்கொண்டே போகும். கையில் குறையில்லை. வலது இடுப்புதான் ஒன்றரை வருஷமாக அவளைப் பாடாய்ப் படுத்துகிறது.

வெட்டும்போது அவ்வளவாகத் தெரியாது. நின்று வெட்டுகிற வேலைதானே. அடுத்த மரத்துக்கு நடக்கும்போதுதான் உயிர் போகும். சமதரையில் மரத்துக்கு மரம் கை ஊன்றிக்கொண்டு போவாள். மேட்டில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுவாள். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைச் சேகரிக்கிற நாளில் குனிந்து குனிந்து நிமிர வேண்டும். சாக்கைத் தூக்கித் தோளில் வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் வாய்விட்டே திட்டுவாள். யாரை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஈப்போப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். உருண்டையாக இருக்க வேண்டிய எலும்பு அணில் கடித்துப்போட்ட கொய்யாக்காய் மாதிரி இருந்தது. எலும்பை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பெரிய செலவில்லை. மூட்டைத்தான் நோயாளி வீட்டாரே வாங்கிக் கொடுக்க வேண்டும், பன்னிரண்டாயிரம் வெள்ளி. தள்ளிப்போட்டால் வருஷ முடிவுக்குள் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார வேண்டியதுதான் என்றார் டாக்டர். ஐயாவு ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாக நின்று காவல் பார்க்கிறவர். மகள் ஷாமினிக்குத் தூரத்தில் கூலிம் ஊரில் தொழிற்சாலை வேலை. அவள்தான் போனிலேயே அந்த அறக்கட்டளையைத் தேடிப்பிடித்து, விண்ணப்பப் போராங்கை நிரப்பி அனுப்பினாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள். கெட்டிக்காரப் பெண்.

அவள் அப்பாதான் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை.

இவர்கள் குடியிருக்கும் வரிசையில் மொத்தம் பத்து வீடுகள். பத்தும் ஒரே எஸ்டேட்டிலிருந்து, ஒரே லயத்து வரிசை வீடுகளிலிருந்து கிளம்பி வந்த குடும்பங்கள். எஸ்டேட் போனாலும் ஒரு பழக்கம் போகவில்லை. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் மற்ற ஒன்பது வீட்டுச் சாமானும் அந்த வீட்டுக்குப் போய்விடும். நாற்காலி ஒரு வீட்டிலிருந்து, தட்டு ஒரு வீட்டிலிருந்து, பெண் கழுத்துக்கு நகை இன்னொரு வீட்டிலிருந்து. வந்தவர்கள் திருப்தியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஷாமினியைப் பார்க்க வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. பார்க்க வருகிறார்கள் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், இவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது.

வியாழக்கிழமை காளியம்மா வெட்டு முடித்துப் பதினொன்றரை மணிக்கு வந்து சேர்ந்தாள். வாசல் கதவைத் திறந்தவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உடனே வெளியே வந்துவிட்டாள். பத்து வீடும் ஒரே அச்சு. வெயிலில் வீடு மாறிவிட்டது என்று நினைத்தாள். கதவிலிருந்த எண்ணைப் பார்த்தாள். ஏழு. அவள் வீடுதான்.

உள்ளே மாரியம்மாவின் பழுப்பு நிற சோபா கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. சுவரில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் உடையப்பன் வீட்டு டிவி. சாப்பாடு ஒப்பந்தம் எடுத்து நடத்தும் கலாதேவியின் இரட்டைக் கதவு ஐஸ்பெட்டியை நாலு ஆண்பிள்ளைகள் சேர்ந்து தூக்கி வந்து மூலையில் நிறுத்தியிருந்தார்கள். கருப்பம்மாளின் எவர்சில்வர் தம்ளர்கள் புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு தட்டில் அடுக்கியிருந்தன. ஐயாவு ஸ்டூல் மேல் நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு காளி?" என்றார், இறங்காமலே.

இந்த இடத்தில் காளியம்மா ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஆனால் அவளும் அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே. வீட்டைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெரிய இடத்திலிருந்து வருகிறவர்கள் முன்னால் பிய்ந்த பாயில் உட்கார வேண்டாம் என்று ஆறுதலாக இருந்தது.

"வலது பக்கம் கோணலா இருக்கு. சரியா இழுத்து விடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

குளித்துவிட்டு நீலப் புடவை கட்டி வந்தாள். மாரியம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள்.

"வெறுங் கழுத்தா இருந்தா நல்லா இருக்காதுலா. பவுன் சங்கிலி, பாத்து. கோழிப் பெரட்டல் அடுப்புல இருக்கு. கேசரி கலாதேவி கொண்டாருவா."

"இடுப்புக்குத்தானே பாக்க வாறாங்க. கழுத்துக்கா?" என்றாள் காளியம்மா. இருந்தாலும் சங்கிலியைக் கழற்றவில்லை.

இரண்டு மணிக்கு வெள்ளைக் காடி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கண்ணம்மை ஆச்சி. அறுபத்தெட்டு வயது, கட்டம் போட்ட நூல் புடவை, கையில் குடை. ஈப்போவில் நாற்பது வருஷம் மருந்துக்கடை நடத்தியவர். புருஷன் இறந்த பிறகு அவர் பேரில் இந்த அறக்கட்டளையை ஆரம்பித்து, கேட்டு வருகிற ஒவ்வொரு வீட்டையும் தானே போய்ப் பார்க்கிறார். கூட வந்தவன் அருண்பிரகாஷ், கணக்காளர் படிப்பு முடித்த இளைஞன். ஆச்சிக்குச் சொந்தம். போராங்கும் பேனாவும் அவன் கையில்தான்.

ஆச்சி சோபாவில் உட்கார்ந்தார். கோழி வாசனை வந்ததும் சிரித்தார்.

"வியாழக்கிழமை நான் கவுச்சி தொடறதில்ல. சிரமப்பட்டிருக்கீக. ஒரு வாய் காபி போதும்."

ஐயாவு காபியும் கேசரியும் கொண்டுவந்து வைத்தார். ஆச்சி தம்ளரைக் கையில் வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குடித்தார். காளியம்மாவிடம் வலி எப்போது ஆரம்பித்தது, எத்தனை மரம் வெட்டுகிறாள், இரவில் எந்தப் பக்கம் படுக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இப்படிக் கேட்கிற ஆளை காளியம்மா இதுவரை பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவள் எந்தப் பக்கம் படுக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கிடைத்துவிடும் என்று முழுசாக நம்பினாள்.

பிறகு அருண்பிரகாஷ் ஆரம்பித்தான்.

"வீட்டில என்னென்ன இருக்குன்னு நான் பாத்து எழுதணும் ஆன்ட்டி. டிவி எத்தன இன்ச்சு?"

"அம்பத்தஞ்சு" என்றார் ஐயாவு. உடையப்பன் காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

அவன் எழுதினான். "ஐஸ்பெட்டி... ரெண்டு கதவா?"

"ரெண்டு கதவு. உள்ள ஐஸ் தானா வுழும் தம்பி."

அதையும் எழுதினான். சோபாவை எழுதினான். நிமிர்ந்து காளியம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் எழுதினான். எழுதுவது மெல்ல மெல்ல நின்றது. போராங்கின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"இங்க டிவி இல்ல, நகை இல்லன்னு போட்டிருக்கு. வருமானமும் ரொம்பக் கம்மியா காட்டியிருக்கீங்க" என்றான் மெதுவாக.

காளியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். இவர்கள் பார்க்க வந்தது இல்லாததை. இதுகூடத் தெரியாமல் கூடத்தை நிரப்பி வைத்திருக்கிறோமே என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

இப்போது என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் புருஷன் தலைகுனிய வேண்டும். அவர் முப்பது வருஷத்தில் யார் முன்னாலும் கை நீட்டாத மனுஷன். சொல்லாவிட்டால் மூட்டு இல்லை. மூட்டு இல்லாவிட்டால் வருஷ முடிவில் தவுக்கே மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காளியம்மா அப்படி உட்கார்ந்திருப்பதை ஒரு கணம் மனசில் பார்த்தாள். அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது.

"தம்பி, எழுதுனத அடிச்சிருங்க" என்றாள். "இந்த டிவி எங்களுது இல்ல."

"காளி" என்றார் ஐயாவு.

"நீங்க சும்மா இருங்க ஷாமினி அப்பா. எனக்கு நடக்கணும்." அவள் சங்கிலியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். "இது பக்கத்து வீட்டு மாரியம்மா சங்கிலி. நீங்க உக்காந்திருக்கிற சோபாவும் அவளோடதுதான் ஆச்சி. ஐஸ்பெட்டி ரெண்டாம் நம்பர் வீட்டு கலாதேவியுது. எங்க பெட்டி பின்னால இருக்கு, கதவு நிக்காது, கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கேன். வாங்க, காட்டுறேன். திரைச்சீல யாருதுன்னு எனக்கே தெரியாது."

"என்னுது" என்று அடுக்களைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. உடனே யாரோ அந்த வாயைப் பொத்தினார்கள்.

அருண்பிரகாஷ் பேனாவை மூடினான்.

"ஏன் ஆன்ட்டி இப்பிடிச் செஞ்சீங்க? வீட்ட ஜோடிச்சுக் காட்டுனா நான் ரிப்போட்ல எழுதித்தான் ஆகணும். பொய்த் தகவல் கொடுத்தா போராங் கேன்சல். அதான் ரூல்."

"எழுதிக் கொடுத்ததில ஒண்ணும் பொய் இல்லயே தம்பி. டிவி இல்லன்னு எழுதுனோம், இல்லதான். நகை இல்லன்னு எழுதுனோம், இல்லதான். ஊர்ல ஏமாத்துறவன் இருக்கிறத ஒளிச்சு வச்சு ஏமாத்துவான். நாங்க இல்லாதத தூக்கியாந்து வச்சு எங்களயே ஏமாத்திக்கிட்டோம். இதுக்கு உங்க ரூல்ல எடம் இருக்கா, பாருங்க."

அருண்பிரகாஷ் நிஜமாகவே பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். ஆச்சி வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பதினோரு வருஷமா வீடு வீடாப் போறேன்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கட்டிலுக்கு அடியில டிவிய ஒளிச்சு வச்சவுகளப் பாத்திருக்கேன். புதுக் காடிய அடுத்த தெருவுல விட்டுட்டு வந்தவுகளப் பாத்திருக்கேன். கடன் வாங்கி வீட்ட நெறச்சவுகள இன்னைக்குத்தான் பாக்குறேன். கருப்பம்மாள்ங்கிறது யாரு?"

"அஞ்சாம் நம்பர் வீடு. உங்களுக்கு எப்பிடித் தெரியும் ஆச்சி?"

"தம்ளர்ல பேரு வெட்டியிருக்கே. கேசரித் தட்டுல கலாதேவின்னு இருக்கு. எங்க வீடுகள்ல பாத்திரத்தக் கையில எடுத்தா மொதல்ல யாரு பேருன்னு பாப்போம். சின்னப் புள்ளையிலேருந்து பழக்கம். காபி வந்தப்பவே தெரிஞ்சு போச்சு."

காளியம்மாவுக்குச் சுருக்கென்றது. "அப்பவே கேட்டிருக்கலாம்ல ஆச்சி. இவ்வளவு நேரம் என்னயத் தவிக்க விட்டீங்களே."

"நான் கேட்டா உங்க வீட்டுக்காரரு மொகத்த எங்க கொண்டு போய் வப்பாரு? நீங்க சொன்னா அது வேற" என்றார் ஆச்சி. பிறகு அருண்பிரகாஷைப் பார்த்தார். "அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டுப் புதுசா எழுதுப்பா. பின்னால போய் அந்தக் கயிறு கட்டுன பெட்டியையும் பாத்துட்டு வா."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வராது. மலைப்பக்கம் கறுத்ததும் கொட்டத் தொடங்கிவிடும். ஓட்டுமேல் விழுகிற சத்தத்தில் ஆச்சி குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது.

"இனிமேத்தான் முக்கியமான கேள்வி. ஆபரேஷன் முடிஞ்சா ஆறு வாரம் குந்தக் கூடாது, குனியக் கூடாது, தனியா குளிக்கக் கூடாது. தெனம் பயிற்சி செய்யணும். வாரம் ரெண்டு தடவ ஈப்போவுக்கு வரணும். மக கூலிம்ல இருக்கா. இவருக்கு ஷிப்ட் வேல. போன வருஷம் ஒரு அம்மாவுக்குக் கொடுத்தோம். பாக்க ஆளில்லாம குளியலறையில விழுந்து, வச்ச மூட்டு கழண்டு போச்சு. அதுலேருந்து, பாத்துக்க ஆளு இருக்கான்னு தெரியாம நாங்க கையெழுத்துப் போடறதில்ல. உங்களுக்கு யாரு இருக்கா?"

காளியம்மா மேசையில் கை ஊன்றி எழுந்தாள். ஒரு அடி, இன்னொரு அடி என்று அடுக்களைக்குப் போய்ப் பின்கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். கூரை இறக்கத்துக்குக் கீழே மாரியம்மா, கலாதேவி, கருப்பம்மாள், இன்னும் நாலைந்து பெண்கள், அவர்களுக்குப் பின்னால் உடையப்பன். பாதிப் பேர் நனைந்து போயிருந்தார்கள். நகர இடமிருந்தும் நகரவில்லை. ஒரு வார்த்தை விட்டுப்போய்விடக் கூடாதே.

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? வந்து நீங்களே பதில் சொல்லுங்க" என்றாள் காளியம்மா.

அவர்கள் ஈரக் காலோடு கூடத்துக்கு வந்தார்கள். மாரியம்மாதான் முதலில் ஆரம்பித்தாள்.

"காலையில குளிக்க வைக்கிறது நானு. எங்க மாமியாள மூணு வருஷம் தூக்கி எறக்குனவ, எனக்குத் தெரியும்."

"சோறு என் வீட்டிலேருந்து. மூணு வேளையும்" என்றாள் கலாதேவி.

"ஈப்போவுக்கு என் வேன் இருக்கு ஆச்சி" என்றான் உடையப்பன். "ஏழரைக்குப் பிள்ளைங்கள எறக்கிட்டா ஒரு மணி வரைக்கும் சும்மாத்தான் நிக்குது."

"பயிற்சிக்கு நான் பக்கத்தில நிப்பேன்" என்றாள் கருப்பம்மாள். "செய்யலன்னா அடிப்பேன்."

"ராத்திரிக்கு நான் இருக்கேன்" என்றார் ஐயாவு. அதுவரை தலையைத் தூக்காதவர். "பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கிக்கிறேன்."

பின்வாசலிலிருந்து திரும்பிய அருண்பிரகாஷ் பேர்களை எழுத ஆரம்பித்தான். பராமரிப்பாளர் என்ற இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. ஓரத்தில் எழுதினான், அதிலும் இடம் தீர்ந்துபோயிற்று. "பின்பக்கம் எழுதுப்பா" என்றார் ஆச்சி. அவனும் திருப்பி வைத்துக்கொண்டு, பேரும் வீட்டு எண்ணும் கேட்டுக் கேட்டு எழுதினான். அதற்குள் மாரியம்மா கோழிப் பெரட்டலோடு சோறு போட்டுக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டாள். ஆச்சிக்குத்தான் வியாழக்கிழமை, அவனுக்கில்லை. அவன் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.

மழை விட்டதும் அவர்கள் கிளம்பிப்போனார்கள். சாமான்களும் அவரவர் வீட்டுக்குப் போயின. கூடம் பழையபடி காலியானது. ஐயாவு பாயை விரித்து மூலையில் உட்கார்ந்தார்.

"ஒன்ன அசிங்கப்படுத்தணும்னு நான் செய்யல" என்றார்.

"தெரியும்."

"ஜாகா கொட்டாயில எத்தனையோ பேரு வந்து நிக்கிறதப் பாக்குறேன். கையேந்தி நிக்கிறவன யாரும் நிமிந்து பாக்க மாட்டான் காளி. ஒன்ன அப்பிடிப் பாத்திரக் கூடாதுன்னு தோணிச்சு."

காளியம்மா அவர் பக்கத்தில் மெதுவாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்த மனுஷன்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது, அதைவிடப் பிரியமும் இருந்தது. "அந்த ஆச்சி என் மொகத்தப் பாத்துத்தான் பேசுனாங்க. விடுங்க" என்றாள்.

மூன்றாவது வாரம் ஆச்சியே போன் செய்தார். காளியம்மா தரையில் கால் நீட்டிச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுத் தொகையும் கொடுப்பதாக முடிவாகிவிட்டது என்றார் ஆச்சி. வெங்காயம் உரித்ததால் ஏற்கெனவே கலங்கியிருந்த கண் வழிந்தே விட்டது. ஆச்சி தொடர்ந்தார்.

"ஒரு விஷயம். அடுத்த மாசம் ஈப்போ மண்டபத்துல எங்க ஆண்டு விழா. மேடையில பெருசா அட்டையில செக்கு எழுதி உங்க கையில கொடுப்பாக, படம் எடுத்துப் பத்திரிகையில போடுவாக. பணம் போடறவுகளுக்கு அதப் பாத்தாத்தான் திருப்தி. நீங்க ஏற வேண்டாம். சக்கர நாற்காலியில வச்சு, நாலு தொண்டருங்க தூக்கிருவாக."

காளியம்மா கத்தியைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. வந்த மூட்டு திரும்பிப் போனாலும் போகலாம். அது தெரிந்தேதான் கேட்டாள்.

"மேடைக்கு எத்தன படி ஆச்சி?"

"படியா? ஏழு இருக்கும். ஏன்?"

"அப்ப இந்த வருஷம் நான் வரல. ஆபரேஷன் முடியட்டும், அடுத்த வருஷம் வாரேன். என் காலால ஏறி வந்து வாங்கிக்கிறேன். பணம் போடறவங்க அதப் பாத்தா இன்னும் திருப்தியா இருக்குமில்ல?"

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஐயாவு சட்டைப் பொத்தானைப் போடாமல் அப்படியே நின்றார்.

"கமிட்டியில பேசணும்" என்றார் ஆச்சி. பிறகு, "நானே பேசிக்கிறேன். பணம் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிரும். அடுத்த வருஷம் மொத நாற்காலியில உக்காந்து பாப்பேன். வராம இருந்திராதீக."

"வாரேன் ஆச்சி."

போனை வைத்துவிட்டு அவள் வெங்காயத்தை மறுபடி எடுத்தாள். ஐயாவு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா சொன்னாங்க?"

"கெடச்சிருச்சு. அடுத்த வருஷம் மேடையில ஏறணும். ஏழு படியாம்."

ஐயாவு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பொத்தானைத் தப்பான துளையில் போட்டார்.

"புடிச்சு ஏற கைப்பிடி இருக்கான்னு கேட்டியா?"

"கேக்கல" என்றாள் காளியம்மா. "எதுக்கு?"